ஏழு மணிக்குக் கறந்தது

பசு என்றுதான் சொல்கிறோம் அதை.
ஞாயிறு இரவு ஈயக் கவசத்துக்குள் ஒடுங்கி
விமானத்தில் வந்து இறங்கும்.
கொம்பில்லை, வாலில்லை, வைக்கோல் கேட்காது.
உள்ளே மாலிப்டினம், நாற்பத்திரண்டு.
உப்புநீர் விட்டால் மடி சுரக்கும்.
வருவது நாற்பத்து மூன்று.

ஒரு நியூட்ரான் புரோட்டானாய் மாறிக்கொள்ள
ஓர் எலெக்ட்ரான் கதவைச் சாத்தாமல் ஓடிப்போக
பெயரே மாறிவிட்ட பால்.

வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
காலை ஏழு மணி, எழுநூற்று நாற்பது மெகாபெக்கரெல்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
எட்டுக்கு வரவேண்டியவர் ஹல்தோர் ஸிகுர்ட்சன்,
எழுபத்தாறு வயது, கிம்லி, இடுப்பில் வலி.
எட்டே காலுக்கு ஃபோன்.
சாலையை மூடிவிட்டார்களாம்.
முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லையாம்.
டோனட் கடையில் நிற்கிறேன்,
மருந்தை எடுத்து வையுங்கள் என்றார்.

எடுத்து வைப்பதா?
இட்லி மாவா இது, ஃபிரிட்ஜில் வைத்தால் அடங்கிக் கிடக்க?
குளிரவைத்தாலும் கொதிக்கவைத்தாலும்
பூட்டி வைத்தாலும் காலில் விழுந்தாலும்
ஆறு மணி நேரத்தில் பாதி.
எந்த அணு போகும் எது நிற்கும் என்று
அந்த அணுவுக்கே தெரியாது.
கூட்டம் மட்டும் கணக்குத் தவறாது.

கதவுக்குப் பின்னால் தனிம அட்டவணை.
மேலே மாங்கனீசு, கீழே ரீனியம்,
நடுவில் யாரோ காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை,
கறைக்குள் டெக்னீசியம்.
ஒரு காலத்தில் அந்தக் கட்டம் காலி.
பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து
அறுபது வருஷத்துக்கு மேல் ஆள் வரவில்லை.
பாறை பாறையாய்த் தேடினார்கள்.
கிடைத்தது கிடைத்தது என்று சிலர் கூவினார்கள், பொய்த்தது.
கடைசியில் செய்யத்தான் வேண்டியிருந்தது.
இடப்பக்கத்தார் நிலைத்தவர்,
வலப்பக்கத்தார் நிலைத்தவர்,
இதற்கு மட்டும் இருப்புக்கொள்வதில்லை.

கொட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடு என்றான் டாரில்.
கொட்ட முடியாது டாரில்,
தேய்ந்துதான் தீரவேண்டும்.
மதியம் ஒரு மணி, முந்நூற்று எழுபது.

மூன்று மணிக்கு வந்தார்.
புருவத்தில் பனி, கையில்
செய்தித்தாளில் சுற்றிய பிக்கரல் மீன்.
தாமதத்துக்கு, என்று நீட்டினார்.
மறுபடி கறந்தேன். பாதி மடி ஊறியிருந்தது.
என்ன இது, என்றார் ஊசியைப் பார்த்து.
நாற்பத்து மூன்று, என்றேன்.
நாற்பத்து மூன்றில்தான் சொந்தப் படகு வாங்கினேன்
என்று சிரித்துக்கொண்டிருந்தபோதே
ஊசி போய்விட்டது.

ஆறு மணிக்குக் கேமராவின் கீழே படுத்தார்.
திரையில் புள்ளி புள்ளியாய் எலும்புகள் விழித்தன.
ஒவ்வொரு புள்ளியும்
எங்கோ ஓர் அணுக்கரு விட்ட பெருமூச்சு.
விலா, முதுகு, தோள்.
பிறகு இடது இடுப்பில்
ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வெளிச்சம்.

பார்க்கும் உரிமை எனக்குண்டு,
சொல்லும் உரிமை டாக்டருக்கு.
அவர் திரையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்.
அசையாமல் இருங்கள், என்றேன்.

அவரும் நானும் இந்த ஈயச் சுவரும்கூட
பெரும்பாலும் வெற்றிடம்தான்.
அந்த வெற்றிடத்தில் எப்படியோ
ஓர் இடுப்பு வலிக்கிறது.

அவர் பேரன் வந்து கூட்டிப்போனான்.
ஏழு மணிக்குக் கறந்தது ஈயப் பெட்டியில் அப்படியே இருந்தது,
அப்படியே இல்லை.
நோயாளி பெயர்: ஒரு கோடு.
மீதம்: நூற்று எண்பத்தைந்து.
கையெழுத்து.

மீனைக் கார் டிக்கியில் வைத்தேன்.
தொட்டுப் பார்த்தால் கல்.
இதை மட்டும்
காலைவரை எடுத்து வைக்கலாம்.