காத்து முறை

இறகு ஒன்று வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஐம்பது மீட்டர் நீளம். லாரியில் மூன்று ராத்திரி
ஊர்ந்து குடிமங்கலம் வந்து சேர்ந்தது.
கிரேனில் பிபின் மஹதோ.
அவனுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
ஏத்து. எறக்கு. நில்லு.

ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, கோழித்தீவன மில்லில்
மக்காச்சோள லோடைப் பார்த்து
அம்சவேணி சொன்னாள்: "எறக்கு."

ஒரு முழம் இறங்கிவிட்டது.
கீழே போல்ட்டோடு நின்றவன் தலைக்கவசத்தில்
வெள்ளையாய் ஒரு கோடு. அவ்வளவுதான்.
அவன் பீடி கேட்டான். யாரோ கொடுத்தார்கள்.

எனக்குப் பல்லடத்தில் வாக்கிடாக்கிக் கடை.
ரெண்டு பேருக்கும் விற்றது நான்தான்.
பில் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துப் பந்தி ஹாலில் கூடினார்கள்.
இலை எடுத்த ஈரம் காயாத மேஜையில்
எட்டுக் கோடு போட்ட தாளை விரித்தேன்.
எட்டேதான்.
ஒன்பதாவது கேட்டால் கையைத்தான் விரிக்கணும்.

"ஏலம் போடுங்க, கொடுக்கறவன் பேசிக்கட்டும்" என்றார்
பனியன் கம்பெனி மாரப்பன். அவருக்கு பஸ் பதினாலு, ஷிப்ட் மூணு.
வேட்டு வைக்கும் முன் ஒரு நிமிஷம்
எல்லார் வாயும் மூடியிருக்கணும் என்றார் கல்குவாரிக்காரர்.
பேரம் இல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான்.
முகூர்த்த நாள் மட்டும் போதும் என்ற மண்டபத்துக்காரர்
கொஞ்சம் பொறுத்து, "வளர்பிறை தேய்பிறை ரெண்டும்" என்றார்.

கெணத்துப் பங்கு மாதிரிதானுங்களே, என்றது ஒரு குரல்.
நாலு பங்கு, நாளுக்கொருத்தர் மோட்டார்.
இல்லைங்க.
கிணற்றில் இன்றைக்கு விட்ட தண்ணீர் நாளைக்கும் கிடக்கும்.
இதில் பேசாமல் விட்ட நொடியை
எத்தனை குதிரைத்திறன் வைத்தும் இறைக்க முடியாது.

சாயங்காலத்துக்குள் ஏழு தீர்ந்தது.
எட்டாவதைக் கிரேனும் கேட்டது, தீவனமும் கேட்டது.
"உசுருங்க" என்றார் கிரேன் கான்ட்ராக்டர்.
"கோழியும் உசுருதானுங்க, நாப்பதாயிரம்" என்றார் மில்காரர்.
சிரித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

ஓட்டறவரைக் கேக்கலாமே என்றவள் அம்சவேணி.
பிபின் காபி டம்ளரை வைத்தான்.
கையை உயர்த்தி விரல்களைப் படபடவென்று அசைத்தான்.
"நில்லு" என்றான்.
பாலக்காட்டுக் கணவாய் வாய் திறந்த நாளில்
யாரும் இறகு தூக்குவதில்லை.

எழுதினேன்: காத்து அடித்தால் தீவனம், நின்றால் கிரேன்.
"இதுக்கு எந்தச் சட்டத்துலங்க எடம்?" என்றார் மாரப்பன்,
கையெழுத்தைப் போட்டுக்கொண்டே.
எனக்குத் தெரியவில்லை.

ஆடி முழுக்க மில்லுக்கு வாய் ஓயவில்லை.
புரட்டாசியில் ஒரு காலை, சார்ஜர் மாற்றப் போயிருந்தேன்.
எடைமேடை ஜன்னலுக்கு வெளியே
முள்வேலியில் சிக்கிய பாலிதீன் பை ஆடவில்லை.
நான் கவனிக்குமுன் அவள் கவனித்திருந்தாள்.
"எட்டை விட்டாச்சுங்."
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு பிபின், நாலாவது சொல்:
"சரிங்."