அளவுக்கு ஒரு ஆள்

பீடோங், மூணாங்கட்டைத் தோட்டம்,
பன்னிரண்டாம் நம்பர் வெட்டு.
அங்கே கித்தா மரங்களுக்கு நடுவே ஒரு கல்மேடு.
சாமி இல்லை. சாமி நின்ற குழி இருந்தது,
சதுரமாக, ஒரு சாண் ஆழத்துக்கு.
மழைத்தண்ணீர் தேங்கும். அதில் தொட்டுத் தொட்டுத்தான்
வெட்டுக்காரர்கள் கத்தி தீட்டுவார்கள்.

நான் புகைவீட்டில் தீ போடுகிறவன்.
கண்ணாடிப் பெட்டி தூக்க என்னை இரவல் வாங்கினார்கள்.

பெல்லமி துரை வந்ததும் குழியை இறைக்கச் சொன்னார்.
பாசியைச் சுரண்டு, வேரை அறு, சருகைப் பெருக்கு,
கத்தி தேய்த்த வழவழப்பின் மேல்
ஈரமண் பூசு.
யாருமே தொடாத மாதிரி ஆக்க
ஆறு பேர் அரை நாள் தொட்டோம்.

மூன்று கால் பெட்டி. கறுப்புத் துணி.
பார்க்கிறாயா என்று துரை கையைக் காட்டினார்.
தலையை விட்டேன்.
கல்மேடு மேலே ஒட்டிக்கொண்டு தொங்கியது.
மரங்களெல்லாம் கீழே பார்த்து வளர்ந்தன.
காண்டாக் கம்போடு வந்த சடைச்சி
வௌவால் மாதிரி தலைகீழாய் நடந்தாள்,
இரண்டு வாளி நிறையப் பால்.
ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அவளை நிறுத்தினார்கள்.
அளவுகோல் அலோர் ஸ்டாரிலேயே நின்றுவிட்டதாம்.
யாழ்ப்பாணத்துக் கிராணி அவளை மேலும் கீழும் பார்த்து
ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு என்றார். துரை எழுதிக்கொண்டார்.
வாளியை இறக்காதே.
முப்பது எண்ணும்வரை அசையாதே.

பதினேழிலோ பதினெட்டிலோ
ஆயாக்கொட்டகைப் பக்கம் ஒரு பிள்ளை அழுதது.
யார் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.
அவளுக்குத் தெரிந்தது.
கால் அசையவில்லை. வாளி அசையவில்லை.
முகம் மட்டும்
போய்ப் போய் வந்தது.

இரவு துரைக்கு இருட்டு வேண்டியிருந்தது.
பங்களாவில் ஜன்னல் அதிகம்.
தொங்கிய ஷீட்டுகளை ஒதுக்கி, பலகை போட்டுக் கொடுத்தேன்.
அடுப்பு வாயின் வெளிச்சம் போதுமாம்:
சிவப்புக்கு அந்தக் கண்ணாடி குருடு.
அவர் புட்டிகளில் ஒன்று வழியில் உடைந்திருந்தது.
மூடியை மோந்து பார்த்தேன். நம்ம ஸ்டோர் ஆசிட்!
பாலை உறைய வைப்பதும்
படத்தை நிறுத்துவதும் ஒரே புளிப்பு.
அரைக் கிளாஸ் எடுத்து வந்தேன்.
(கணக்கில் குறைகிறதென்று அந்தச் சம்பளத்தில்
பத்துக் காசு பிடித்தார்கள்.
இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.)

தட்டில் முதலில் கல் வந்தது,
வரிசை வரிசையாய், சந்து சந்தாய்.
பிறகு வாளி. பிறகு பாதம்.
எல்லாம் நிறம் மாறி,
அட்டை கடித்த அந்தப் பாதம்
வெள்ளை வெளேரென்று.
கழுத்துக்கு மேலே தேடினேன்.
அவளுக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது.
எண்ணலாம். முகம் இருக்க வேண்டிய இடத்தில்
நாலு கல்.

கெட்டுப் போச்சா என்று கையை விரித்தேன்.
துரை கண்ணாடியை விளக்குக்குக் காட்டி
என்னவோ சொன்னார், இரண்டே வார்த்தை.
மனசில் வைத்திருந்து காலையில் கிராணியிடம் ஒப்பித்தேன்.
"அளவுக்குப் போதும், எண்டவர்."

பிரட்டுக்களத்தில், தலைத்துணியை இறுக்கிக்கொண்டே
சடைச்சி கேட்டாள்: "எப்பிடி விழுந்திருக்கேன்?"

"காலு நல்லா விழுந்திருக்கு.
வெள்ளக்காரி காலு மாதிரி."

சிரித்தாள். குனிந்து ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.
தண்டல் பேர் கூப்பிட்டான்.

மத்தியானம் மழை.
குழியில் தண்ணீர் நின்றுவிட்டதென்று
வெட்டுக்காரர்கள் சொன்னார்கள்.