ஒரு வரியில் எழுதவும்

நூலகத்துச் சீட்டில் ஒரே ஒரு கோடு:
"புத்தகம் பிடித்ததா? ஒரு வரியில் எழுதவும்."
ஒத்திலியா அம்மையார் முத்திரை குத்துகிற வேகத்துக்கு
ஒரு வரியே அதிகம்தான்.
நான் பின்பக்கம் திருப்பி எழுதுகிறேன்.
இடம் போதாவிட்டால் ஓரங்களிலும்.

முதலில் மழை.
வால்திவியாவில் ஆண்டில் பாதி நாள் மழை.
ஒருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து
அதைப் பார்த்து அழுவதில்லை.
காலுறை காயாது. விறகு நமுத்துப்போய்ப் புகையும்.
அம்மா மீன்பெட்டிமேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு
மழையை ஒரு கெட்ட வார்த்தையால் கூப்பிடுவாள்.
கதைகளில் மட்டும்
யாருக்காவது மனசு உடைந்த பிறகுதான்
வானம் உடைகிறது.

அப்புறம் அம்மாக்கள்.
முப்பதாம் பக்கத்துக்குள் செத்துவிடுகிறார்கள்,
பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமே, அதற்காக.
என் அம்மா உயிரோடு இருக்கிறாள்.
அவள் இருக்கும்போதே நான் மூன்று தரம் கிளம்பியிருக்கிறேன்,
ஒருமுறை கொர்ரால் வரை, படகில்.
(திரும்பி வந்ததும் கிடைத்ததைப் பற்றி
ஒரு அத்தியாயமே எழுதலாம்.)

"12 முதல் 14 வரை" என்று முதுகில் ஒட்டுகிறீர்கள்.
அந்த வயதுக்கு ஒரே அளவில் சட்டைகூடக் கிடைப்பதில்லை.
பெரியவர்கள் அலமாரியில் எடுத்ததைப் பாதியில் நிறுத்தினேன்.
தம்பியின் வாத்துப் படப்புத்தகத்தைப்
போர்வைக்குள் முழுசாகப் படித்தேன், இரண்டு தரம்.
யாரிடமும் சொல்ல வேண்டாம்.

காதல் பற்றிச் சுருக்கமாக:
இரண்டு பையன்கள், ஒருவனுக்குப் பச்சைக் கண்,
இன்னொருவனுக்கு ரகசியம்.
இருவருக்குமே வீட்டுப்பாடம் கிடையாது.

இன்னொன்று. அந்தப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி
யாரும் பேசி நான் கேட்டதில்லை.
எங்கள் வகுப்பு பௌதிலியோ ஒரு வருஷம் முழுக்க
'ம்' மட்டுமே சொன்னான்.
அவன் வீட்டில் என்ன நடந்ததென்று
டிசம்பரில்தான் எங்களுக்குத் தெரிந்தது.
கதையில் என்றால் நாலு பக்கம் பேசியிருப்பான்,
கடைசியில் 'இப்போதுதான் புரிகிறது' என்றிருப்பான்.
எனக்கு அந்த இடத்தில் மருந்து வாடை அடிக்கும்,
யாரோ கரண்டியோடு வருகிறார்கள் என்று.

சரி, இந்தப் புத்தகம்.
ஆற்றோடு போன நாய்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
குரைத்துக்கொண்டே திரும்பி வருகிறது.
எட்டு நாள் கழித்து. கழுத்துப்பட்டையோடு.
நான் ஆற்றோரம் வளர்ந்தவள்.
காயே-காயே கொண்டுபோன எதுவும்
எட்டு நாள் கழித்துக் குரைத்ததில்லை.
புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன்.
(முதுகு கிழிந்தது அதனால்தான். அபராதம் உறைக்குள் இருக்கிறது.)

ஆனால் சனிக்கிழமை மீன்சந்தையில்
அம்மா எடைபோட்டுக்கொண்டிருக்க,
கடல்சிங்கங்கள் ஒரு மீன்தலைக்கு அடித்துக்கொண்டிருக்க,
ஏலோய்க்கு இந்தக் கதையைச் சொன்னேன்.
நாய் விழுகிற இடம் வந்தது.
இங்கே திருத்திவிடலாம் என்று நினைத்தேன்,
உள்ளதை உள்ளபடி.

அவன் அழவில்லை. எதுவும் கேட்கவுமில்லை.
ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான்.
ஒரு கன்னம் உப்பியபடியே என்னைப் பார்த்தான்.

நாய் வந்துவிட்டது.
எட்டு நாள்கூட இல்லை, மறுநாளே.
வாலைக் கவ்விக்கொண்டு ஒரு மீன் வேறு.
என் வாயிலிருந்துதான் வந்தது.

அவன் மென்று விழுங்கினான்.

இந்த எழுத்தாளர் எதிரிலும் யாராவது
மெல்வதை நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தெரியாது.
ஆனால் ஏலோய்க்கு ஐந்து வயது,
எனக்கு இல்லை.
எனக்குச் சொல்லும்போது
ஆற்றை ஆறாகவே விடுங்கள்.

முன்பக்கத்துக் கோடு இன்னும் காலி.
அதில் "இல்லை" என்று போட்டுக்கொள்ளவும்.
இரண்டாம் பாகம் வந்தால்
எனக்கு எடுத்து வைக்கவும்.

                                    ரயென் ஆயில்லாபான்