வெள்ளை, இருபது லிட்டர்

ரிச்சர்ட்ஸ் பேயில்
கடலோர மணல்மேட்டைக் கரைத்து எடுத்துவிட்டு
அதே உயரத்தில் வேறொன்றைக்
குவித்துவிட்டார்கள். சவுக்கும் நட்டாயிற்று.
குறை சொல்ல ஒன்றுமில்லை.

இடையில் எடுத்தது கப்பலேறிப் போய்
பெயின்ட்டாகத் திரும்பி
எம்பங்கேனி கடையில் நிற்கிறது:
ஒரு வாளி, என் மூன்று நாள் கூலி.
பெக்கானிக்கு ஆறு நாள்.
அவன் கூலியை வைத்தது நான்தான்.

இது சுரங்க மேனேஜர் வீட்டுச் சுவர்.
அந்த மேட்டில்தான்
பெக்கானியின் சித்தப்பா கிடந்தார்.
எலும்பை இடம் மாற்ற
ஒரு பசுவும் இரண்டு போர்வையும் கொடுத்தார்களாம்.
பசு நல்ல பசு என்கிறான்.

பழைய கறை தெரிகிறதாம்,
இன்னொரு கோட் வேண்டுமாம் வீட்டம்மாவுக்கு.

பெக்கானி மூடியை நெம்பி
குச்சியை விட்டுக் கிளறுகிறான்,
அடியில் கெட்டியாகிக் கிடப்பது
மேலே வரும்வரை.