நூற்றைம்பது பாகை

பத்தூமியில் ஏழு மணி பத்துக்கு மின்சாரம் போயிற்று.
ராட்டினம் நின்றது.
கருங்கடல் மட்டும் தன்பாட்டுக்குப் புரண்டது.

விசைக்கூண்டில் எனக்கு வேலையில்லை. ஒரு டார்ச்,
இரண்டு முறை தோற்ற கணக்குப் பாடம், அவ்வளவுதான்.
ஆரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.
எத்தனை மீட்டர் என்பது நகராட்சியின் கவலை.
அச்சாணி பூஜ்யம்.
என் வலப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி எண்ணினேன்.

முப்பது பாகையில் மாக்வாலா,
மடியில் ஈரக் குடை.
நூற்றைம்பதில் ஓத்தர்,
பையில் அவள் கையெழுத்திட வேண்டிய தாள்கள்.
தனித்தனியாகத்தான் சீட்டு வாங்கினார்கள்,
ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாமல்.

இருவருக்கும் சைன் அரை.
ஒரே உயரம், ஒரே உப்புக் காற்று.
கொசைனில்தான் வழக்கு:
அவளுக்குக் கூட்டல், அவனுக்குக் கழித்தல்,
அளவில் மயிரிழை பேதமில்லை.

இடையில் மூன்று கூண்டுகள்;
ஒன்றில் யாரோ சத்தமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டு
மேயரைத் திட்டினார்கள்.
அவள் கைபேசியை ஏற்றினாள், குடையைத் தேட.
கொஞ்ச நேரம் கழித்து
அந்தப் பக்கமும் ஒரு வெளிச்சம்.
அவன் எதைத் தேடினானோ.

ஏழு ஐம்பதுக்கு மோட்டார் இருமியது.
அவள் ஏறினாள், அவன் இறங்கினான்;
சைன் ஒன்றானவர்கள்
ஒரே திசையில் சுற்றினால் அப்படித்தான்.
தரைக்கு அவனுக்கு நூற்றிருபது பாகை,
அவளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு.
கிளம்பியிருக்கலாம். நேரம் இருந்தது.

கம்பிக் கதவைப் பிடித்தபடி
அவன் அண்ணாந்து பார்த்தபோது
அவள் வந்திருந்த இடம்
நூற்றைம்பது.