நாற்பது லிட்டர்

ஜூனில் நீர்த்தேக்கங்கள் வற்றின.
வடக்கே மலையில் விசையாழிகள் சும்மா நின்றன.
இருந்த நிலக்கரியெல்லாம் எரிந்தும்
ஹனோயில் மதியம் இரண்டு மணிக்கு
மின்சாரம் போனது.

நான் அப்போது நிலக்கரி வரிசையில்தான் இருந்தேன்.
மின்னுற்பத்தி, போன ஆண்டைவிட எவ்வளவு கூடுதல் என்ற கட்டம்.
எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே
திரை கறுத்தது.
சேமிக்கவில்லை.
சிரிப்பு வந்தது, பகிர்ந்துகொள்ள ஆளில்லை.

கீழே முற்றத்தில் ஜெனரேட்டர்
இருமி இருமி எழுந்தது.
காவலாளி தோவான் டீசல் டப்பாவைச் சாய்த்துப் பிடித்திருந்தார்.
அவர் பெயருக்கு எங்கள் மொழியில் கணக்கு என்று பொருள்.
பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை.

எத்தனை லிட்டர், என்றேன்.
இதையும் எழுதுவாயா, தியெப்?
எழுதுவேன்.
நாற்பது, என்றார், என்னைப் பார்க்காமல்.

லிட்டருக்கு இரண்டு புள்ளி ஆறு எட்டு.
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
நூற்றேழு கிலோ.
என் எடை நாற்பத்தைந்து,
அவர் எடை கேட்டேன், அறுபத்திரண்டு.
நாங்கள் இருவரும் ஒரே தராசில் ஏறி நின்றால்
அதுதான் இந்த மதியத்தின் புகை.

டப்பாக்களைச் சுமந்து வந்த தோள் நம்ப மறுத்தது.
முப்பத்து நாலு கிலோகூட இருக்காதே, இவ்வளவு எங்கிருந்து வந்தது?
மீதி காற்றினுடையது ஐயா.
எது எரிந்தாலும் அதில் காற்றும் பங்காளி.

நின் பின் சிமெண்ட் ஆலையில் என் மகன் இருக்கிறானே,
அவன் எந்த வரிசை?
சுண்ணாம்புக்கல், என்றேன்.
அவன் சம்பளம்?
அதற்கு வரிசை இல்லை.

போன மாதக் கருத்தரங்கில்
குளிர்நாட்டுக்காரர் ஒருவர்
என் கோட்டின் நுனியில் சிவப்பு ஒளிப்புள்ளியை வைத்து
இது எப்போது வளையும் என்று கேட்டார்.
மரியாதையாகத்தான் கேட்டார்.
அச்சடித்துத் தந்த பதிலைச் சொன்னேன்.

தொண்ணூற்று நான்கில் அந்தக் கோடு
ஏறக்குறைய தரையில் கிடந்தது.
அந்த ஆண்டு தம்பி பிறந்தான்.
கிழிந்த இடத்தை அம்மாவுக்கு
டார்ச் வெளிச்சத்தில் தைத்தார்கள்,
டார்ச் பிடித்தவள் நான், ஒன்பது வயது,
கை நடுங்கியதற்குத் திட்டு வாங்கினேன்.
அதற்குப் பிறகான ஒவ்வொரு புள்ளியிலும்
எங்கோ ஓர் அறையில்
யாரோ நடுங்காத வெளிச்சத்தில் தைக்கப்படுகிறார்கள்.

இதைச் சொல்லியிருக்கலாம்.
சொல்லியிருந்தால் நான் பாதி பொய்யள்.
தெற்கே மேகாங் முகத்துவாரத்தில்
உப்பு வயலுக்குள் நுழைந்தாயிற்று.
அது எங்கள் பிரசவக் கதையைக் கேட்டு
வாசலில் தயங்கி நிற்கவில்லை.

நாலரைக்கு மின்சாரம் வந்தது.
ஏழு மாடியும் ஒரே மூச்சில் ஏசியைப் போட்டது,
என் அறை உட்பட.
தொலைந்த எண்ணை மறுபடி தட்டினேன்,
முந்தைய எண்ணைவிட அது குறைந்துவிடவில்லை.

கிளம்பும் நேரத்தில் தோவான் மேலே வந்தார்,
படியேறிய மூச்சோடு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு.
நாற்பது இல்லை, முப்பத்தெட்டு.
இரண்டு லிட்டர் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன்,
செவ்வாற்றில் மணல் படகு ஓட்டுகிறான்.
அவர்களுக்குத் தெரிந்துவிடுமா?

அட்டவணை மில்லியன் டன்னில் பேசுகிறது.
நாமிருவரும் அதில்
புள்ளிக்குப் பிறகு ஆறு சுழியம் தாண்டித்தான்
தலைகாட்டுகிறோம் ஐயா,
தெரியாது.

அவர் போனபின், யாரும் கேட்காத என் குறிப்பேட்டில்
இரண்டு லிட்டரை மின்சாரத்திலிருந்து எடுத்து
உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்தில் வைத்தேன்.
மொத்தம் மாறவில்லை.
தராசில் மட்டும் நாங்கள் இருவரும்
ஐந்து கிலோ மெலிந்திருந்தோம்,
ஆற்றில் எங்கோ ஒரு படகு
அந்த ஐந்து கிலோவை ஊதியபடி
இன்னொரு கட்டடத்துக்கு மணல் கொண்டுபோனது.