முக்காற்புள்ளி

அந்த வருடம் மாலை ஆராதனை
பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது.
ஆறுக்கு ஊரடங்கு.
யன்னல் கண்ணாடியில் வெயில் கொதிக்க,
இரவின் ஆபத்துகளுக்கு எங்களை விலக்கிக் காக்கும்படி
வேர்த்து வழிந்தபடி மன்றாடினோம்.

"இன்னும் இருட்டேல்லையே சேர்" என்றான் எபினேசர்.
டட்லி சேர் வங்கியில் காசாளர்.
சிரிக்கவில்லை.
"இருட்டும். நீ பாடு."

ஒன்பது பேர் நாங்கள்.
போட்டிருந்த அங்கிகளில் நாலு
ஊரைவிட்டுப் போன பிள்ளைகளுடையவை.
கழுத்துப் பட்டியில் சிவப்பு நூலில் அவர்களின் பெயர்.
மூன்று வருடம் ஞாயிறு தோறும்
நான் ஜே. நேசகுமாராக இருந்தேன்.
அவனை எனக்குத் தெரியாது.
என்னிலும் கட்டை என்று மட்டும் தெரியும்.

சங்கீதம் பாடுவது சுகம் போலத் தோன்றும்:
ஒரே சுரத்தில் ஓடும் சொற்கள்,
ஒரு சின்ன இறக்கம்,
வசனத்தின் நடுவே முக்காற்புள்ளி.
அதில் எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும்.
ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை.
நின்றால் வெளியே நடப்பதெல்லாம் கேட்கும்.
நேவிப் படகின் எஞ்சின்,
கோணேசர் மலையில் மணி,
மதில் ஓரம் மான் சுவரொட்டி தின்னும் சத்தம்.

ஒருநாள் அந்த மான் உள்ளேயே வந்து
பீடத்துச் செவ்வந்தியைக் கடிக்கத் தொடங்கியது.
ஒன்பது வயிறும் குலுங்க
அடுத்த பாதி வரவேயில்லை.
ஓர்கனில் விரலை வைத்தபடி சேர்
எங்களையும் பார்த்தார், மானையும் பார்த்தார்.

முடிவில் எப்போதும் சிமியோனின் பாட்டு.
குழந்தையைக் கையில் ஏந்திய கிழவர்
கண்டது போதும், இனிப் போகிறேன் என்று
விடை கேட்பது.
எங்களில் மூத்தவனுக்குப் பதின்மூன்று.
நாங்கள் கண்டவை வேறு.

ஒரு வியாழன் பயிற்சி முடியப் பிந்திவிட்டது.
ஒரு சைக்கிளில் இரண்டு பேர்.
உவர்மலை ஏற்றத்தில் காவலரண்.
பையைத் திறந்தவன்
எபினேசரின் வெள்ளையங்கியைத்
துவக்கு நுனியால் தூக்கிப் பிடித்தான்.
கை அகன்ற அங்கி,
காற்றில் யாரோ உள்ளே இருப்பதுபோல் நிறைந்தது.
"மே மொகத்த?"

எபினேசருக்குத் தெரிந்த சிங்களம் இருபது சொல்.
அங்கி அதில் இல்லை.
"சிந்து" என்றான்.
"கியன்ன" என்றான் அவன்.

வேர்த்த சட்டைக்கு மேல் அங்கியைப் போட்டுக்கொண்டு
கடலைப் பார்த்து நின்று
எபினேசர் சிமியோனைப் பாடினான்.
குரல் மேலே போனது,
மணல்மூட்டைகளுக்கும் மேலே.
முதற்பாதி முடிந்தது.
பழக்கம். நின்றான்.

கீழே அலை.
காவலரணுக்குள் வானொலி கரகரத்தது.
அவனுக்குப் பத்தொன்பது இருக்கும், முகமெல்லாம் பரு.
பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தான்.
"ஹரி, யன்ன."

போனோம்.
அங்கியைக் கழற்றவில்லை,
சைக்கிள் பாரில் இருந்த என் முகத்தில் அது அடித்துக்கொண்டே வந்தது.
இறக்கத்தில் நான் சொன்னேன்:
மற்றப் பாதியைப் பாடி முடி.
வாயைத் திறந்தான்.
அவன் அப்பாவின் தொண்டை வந்தது,
நடுவில் கிழிந்து.
பிரேக்கும் பிடிக்காமல் சிரித்தோம்,
உட்துறைமுக வீதி வரை.

இப்போது ஆராதனை ஆறு மணிக்கு.
உண்மையாகவே இருட்டுகிறது.
முன்வரிசையில் ஐந்து பெண்பிள்ளைகள், இரண்டு பொடியன்கள்.
எல்லாருக்கும் அளவான அங்கி.
நடத்துபவள் ஷாமினிக்கு இருபத்தாறு வயது, கண்டிப்புக்காரி.
"பின்வரிசை, புள்ளியில் நெடுநேரம் நிற்கிறீர்கள்" என்கிறாள்.
என்னைத்தான்.
அவள் சொல்வது சரி.

எபினேசர் படகு எஞ்சின் திருத்துகிறான்.
நத்தாருக்கு மட்டும் கோயில்.
கடையடியில் கண்டால்
ஒருநாள் வந்து பாடன் என்பேன்.
கையில் கிரீஸைத் துடைத்தபடி சொல்வான்:
"மான் வந்தால் சொல்லு."